கை எடுத்தால் நிற்க வேண்டும்

கண்ணு சாமு,

நேற்றுப் போனில் மண்டபம், பந்தி, உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் பெண் வீட்டாருக்கு வேன் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "அப்பா, அந்தக் கீபோர்டை யாருக்காச்சும் குடுத்துருங்க. நான் வர்றப்ப அது ஊட்டுல இருக்கக் கூடாதுங்க" என்றாய். நான் சரி கண்ணு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பீரோவுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க எனக்குக் கால் வரவில்லை. கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். ஆனால் நீ டாக்காவுக்குப் போன பிறகு இந்த வீட்டில் அதை வைத்து என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மா பேச்சை எடுத்தாலே "அப்பறம் பேசலாமுங்கப்பா" என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும். அவள் உன் அம்மாவைப் பார்த்ததே இல்லை அல்லவா?

உன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியனை விரித்து, திருப்பி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துத் தள்ள வேண்டிய வேலை. அதே கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். வாரம் முழுவதும் பனியனைப் புரட்டிய அந்தக் கைகள் ஞாயிற்றுக்கிழமை முதலிபாளையம் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஒரு டீச்சரிடம் ஆர்மோனியம் கற்றுக்கொண்டாள். அவளுடைய சங்கீதப் படிப்பு அவ்வளவுதான். ஆனால் அவள் வாசித்தால் எங்களுக்குப் பாட வரும். நம் சபையில் பாதிப் பேர் வயசானவர்கள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இழுத்து, மூச்சு வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அடுத்த வரிக்கு வருவார்கள். அவள் அதுவரைக்கும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். புதிதாக வந்த ஆயர் ஒருமுறை, "ஏனுங்கம்மா, நீங்க கொஞ்சம் வேகமா வாசிச்சா அவங்களும் வேகமாப் பாடுவாங்கல்ல?" என்று கேட்டார். "அவங்களுக்கு மூச்சு வேணுமில்லீங்க சாமி" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் அவளை வேகப்படுத்தவில்லை.

அவளுக்கு வாதம் வந்தது ஒரு சாதாரணக் காலையில். தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது, சுவரைப் பிடித்து நடந்தாள். கை கடைசி வரைக்கும் வரவில்லை. அதைவிடக் கொடுமை அவள் பேச்சு. மனசில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. காபி வேண்டுமென்றால் "கேட்டு" என்பாள். உன்னைக் கூப்பிட வாயெடுத்தால் "ஊசி" என்று வரும். தப்பாக வந்துவிட்டது என்று அவளுக்கே தெரியும். இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் நாம் மூன்று பேரும் அதற்குச் சிரித்தோம். "அம்மாவுக்கு ஒரு டம்ளர் கேட்டு சூடா வேணுமாங்கப்பா" என்று நீ சமையல்கட்டுக்குக் குரல் கொடுப்பாய். அவள் பாதி வாயால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை உன்னைத் தவிர வேறு யாராலும் அவளிடமிருந்து வாங்க முடியவில்லை. அதையும் நீ மறந்துவிட்டாயோ என்னவோ.

அப்போது நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வேலை முடிந்து வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாய். அவளுடைய இடது கை விரல்கள் கட்டில் சட்டத்தில் தாமாக வாசித்துக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவன் நீதான். என் கண்ணில் அது படவில்லை. அடுத்த வாரமே கோயமுத்தூர் போய் ஒரு கீபோர்டு வாங்கி வந்தாய். சர்ச்சில் இருப்பதைவிடச் சின்னது. ஒயரை உன் லேப்டாப்பில் சொருகி, ஸ்பீக்கர் வைத்து, ஒரு பட்டனைக் காட்டி எனக்கு விளக்கினாய். "இதுக்குப் பேரு ஆர்ப்பெஜியேட்டருங்கப்பா. அம்மா இடது கையில மூணு கட்டையை அழுத்திப் புடிச்சாப் போதும். அதை இது பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணா ஓட்டிட்டே இருக்கும். வலது கை வேலையை இது பாத்துக்கும்." அவள் கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்தாய். அவள் அழுத்தினாள். அழுத்தியது மூன்று கட்டை, வந்தது ஒரு ஓடை மாதிரி. அவள் திடுக்கிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். அது மடியில் கிடந்தது. பிறகு உன்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அவளுக்குத் தாலி கட்டிய நாளில்கூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் இந்த வீட்டின் நல்ல நாட்கள் கண்ணு. வேகத்தை மாற்றும் திருகை அவளே திருகக் கற்றுக்கொண்டாள். ஏறிப் போகிற மாதிரி, இறங்கி வருகிற மாதிரி, ஏறி இறங்குகிற மாதிரி என்று நீ ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாய். பிடித்தால் தலையை ஆட்டுவாள், பிடிக்காவிட்டால் உன் தொடையில் தட்டுவாள். அவள் விரல் சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்று 'ஹோல்டு' என்ற பட்டனை நீ போட்டுவிட்டாய். அதைப் போட்டால் கையை எடுத்த பிறகும் சத்தம் நிற்காது. அடுத்த கட்டைகளை அழுத்தும்வரை முந்தையதே ஓடிக்கொண்டிருக்கும். அவள் அதை அணைப்பாள். நீ போடுவாய். மறுபடி அணைப்பாள். "அம்மா, இது உங்களுக்குச் சுளுவுங்க" என்று திரும்பவும் போடுவாய். அவள் கை தவறிப் பட்டுவிடுகிறது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளிடம் வார்த்தை இல்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அம்மா ஒரு பாட்டு வாசிக்கட்டும் என்று ஆயரிடம் நீதான் கேட்டாய். சர்ச் முழுக்க வாழைத்தாரும் தேங்காய்க் குலையுமாக இருந்தது. வாதம் வந்த பிறகு அவளைப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். நீ புதுச்சேலை எடுத்துக் கொடுத்திருந்தாய். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, லேப்டாப்போடு கொண்டுவந்திருந்த நம் வீட்டுக் கீபோர்டின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, சத்தத்தைப் பார்த்துக்கொள்ள நீ பின்னால் மிக்ஸரிடம் போய்விட்டாய். அவள் வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். முதல் வரி சரியாகப் போனது. வரி முடிந்ததும் சபை வழக்கம்போல இழுத்து, மூச்சு வாங்கியது. அவளும் வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். ஆனால் சத்தம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. பாதிப் பேர் அதோடு ஓடினார்கள், மீதிப் பேர் பழையபடி இழுத்தார்கள். இரண்டாவது வரியில் யார் எங்கே பாடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கீபோர்டையே பார்த்தாள். கை வைக்காமலே அது வாசிப்பதைச் சபை முழுக்கப் பார்த்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெட்ட மனசோடு சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் அவள் காதில் விழுந்தது. பதற்றத்தில் பட்டன் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை மூடிக் கட்டைகள் மேல் ஓங்கிக் குத்தினாள். அமுங்கிய அத்தனை கட்டைகளையும் அது பிரித்து, வரிசையாக, நிதானமாக வாசிக்க ஆரம்பித்தது. நீ ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினாய்.

வீட்டுக்கு வந்ததும் நீ கோபப்படவில்லை. அதையும் நான் சொல்ல வேண்டும். அவள் முன்னால் மண்டி போட்டு, "பரவால்லீங்கம்மா, அடுத்த வாட்டி நல்லா பண்ணிரலாம்" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டை எடுத்து அவள் மடியில் வைத்தாய். அவள் அதைத் தள்ளினாள். "வேண்டாம்" என்றாள். தெளிவாக, முழு வார்த்தையாக. நீ மறுபடி வைத்தாய். "வேண்டாம். வேண்டாம்." நீ எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். நான் பின்னாலேயே வந்து, "அவளுக்கு வார்த்தை மாறி மாறி வருது கண்ணு, அதை மனசுல வெச்சுக்காத" என்றேன். நீ என்னைப் பார்க்காமலே, "எல்லா வார்த்தையும் மாறித்தான் வருது. இது ஒண்ணு மட்டும் சரியா வந்துச்சுங்களே அப்பா" என்றாய். சீக்கிரமே டாக்காவில் வேலை கிடைத்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டாய். கீபோர்டைப் பெட்டியில் போட்டுப் பீரோ மேல் வைத்துவிட்டுப் போனாய். கிளம்பும்போது அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள், "மழை, மழை" என்று வந்தது. நீ தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாய்.

இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது. நீ போன கொஞ்ச நாளில் அவள் பீரோ மேலே கையைக் காட்ட ஆரம்பித்தாள். துணி கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தேன், பைபிள் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் பெட்டியை இறக்கியதும் அமைதியானாள். மேஜையில் வைத்து அடாப்டரைச் சொருகினேன். விளக்கெல்லாம் எரிந்தது. அவள் கட்டைகளை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. அன்றைக்குக் குத்தியதில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். காதர்பேட்டைக்குப் போகிற வழியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. இதுக்குள்ள சத்தமே கிடையாதுங்க. எந்தக் கட்டையை அழுத்துனோம்னு கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்றதோட சரி. கம்ப்யூட்டர்தான் சத்தம் போடணும்" என்றார். அதை அவளிடம் வந்து சொன்னேன். புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டும் தினமும் சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் வாசித்தாள். கட்டைகள் அமுங்கும் டொக் டொக் மட்டும் கேட்கும். சின்ன விளக்கு ஒன்று தாளத்துக்கு மினுக்கும். வரி முடிகிற இடத்தில் கையைத் தூக்குவாள், காத்திருப்பாள், பிறகு வைப்பாள். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணு, சத்தம் இல்லாத அந்தப் பாட்டை நான் எத்தனை சாயங்காலம் கேட்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

சர்ச்சில் இப்போது வாசிக்கிற மெர்சியை உனக்குத் தெரியும், ஏதோ பையிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாளே, அவள் ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்தாள். நிலைமையைப் பார்த்து, பண்டிகையன்று வீட்டில் நடந்ததையும் என்னிடம் கேட்டுவிட்டுப் போனவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தன் லேப்டாப்போடு வந்தாள். ஏதேதோ ஏற்றி, ஒயரைச் சொருகினாள். சத்தம் வந்ததும் அம்மா முதலில் செய்த காரியம், மெர்சியின் விரலைப் பிடித்து ஹோல்டு பட்டனில் வைத்து, அதன் விளக்கு எரியவில்லை என்று காட்டியதுதான். காட்டிவிட்டு வாசித்தாள். மூன்று கட்டை அழுத்தினாள், ஓடியது. கையை எடுத்தாள், நின்றது. நான் ஒரு மூச்சு வாங்கினேன். மறுபடி வைத்தாள், நான் பாடினேன். எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பாடினேன். ஒரு இடத்தில் தவறினாள், இரண்டு இடத்தில் நான் தவறினேன். பாட்டு முடிந்ததும் மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், அன்னைக்கு ஆன்ட்டி வேண்டாம்னது இந்த ஹோல்டைத்தானுங்க. கை எடுத்தா நிக்கோணும்னு கேட்டிருக்காங்க. நமக்குத்தான் வெளங்கல" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு போனைக் காட்டினாள். உனக்குத்தான் என்று எனக்கு உடனே தெரிந்தது. நம்பரைப் போட்டுப் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் முதலிலிருந்து வாசித்தாள். நான் காதில் வைத்தபோது நீ பேசிக்கொண்டிருந்தாய். "ஹலோ, ஹலோ, அப்பா? என்னமோ ரிங்டோனாட்டக் கேக்குதுங்க. லைன் சரியில்ல. நான் ஃபேக்டரியில ஷிப்மென்ட்ல இருக்கறனுங்க, அப்பறமாக் கூப்பிடறேன்." வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. மிஷின் ஓடுகிற இடத்தில் நின்றுகொண்டு அந்தப் போனில் வேறு என்னவென்று கேட்டிருக்கும்? ஆனால் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "கேட்டான். நல்லா இருக்குதுன்னான். ரொம்ப நல்லா இருக்குதுன்னான்" என்றேன். அந்தப் பொய்யை நான் இன்றைக்கும் சொல்வேன். அவள் பாதி வாயால் சிரித்தாள். நீ சொல்லாமலே உன் பேரைச் சொல்லி வாங்கிய சிரிப்பு அது. அன்று சாயங்காலம் நீ திரும்பக் கூப்பிட்டபோது அவள் அசந்து தூங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது நேரிலேயே வாசிக்கட்டும், அதுவரை சொல்ல வேண்டாம் என்று நானும் மெர்சியும் பேசி வைத்திருந்தோம். உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டது உண்டு.

கிறிஸ்துமஸ் வரவில்லை. அதற்கு முன்னாலேயே இரண்டாவது தடவை வாதம் வந்துவிட்டது. இந்த முறை இடது பக்கமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "சாமு." வாதம் வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர். நர்ஸ் ஊசி போட வந்தால் சாமு. தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டால் சாமு. ஜன்னல் பக்கம் பார்த்து சாமு. அது உன்னைக் கூப்பிட்டதா, வேறு எதற்கோ வந்து விழுந்த வார்த்தையா, எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். நீ டிக்கெட் கிடைத்து வந்து சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி, நீ எடுத்துக் கொடுத்த அந்த அறுப்பின் பண்டிகைச் சேலையைத்தான் கட்டியிருந்தோம். நீ அழவே இல்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது, "கடைசி வரைக்கும் என்ற மேல கோபமாவே போயிட்டாங்க" என்று யாரிடமோ சொன்னாயாம். மெர்சி வந்து என்னிடம் சொன்னாள். அந்த நேரத்தில், அந்தப் போனைப் பற்றிச் சொன்னால் நீ தாங்குவாயா என்று எனக்குப் பயமாக இருந்தது. ரிங்டோன் என்று நீ சொன்ன அந்தச் சத்தம் எது என்று தெரிந்தால் நீ எப்படித் தூங்குவாய்? ஆனால் அம்மா உன்னை வேண்டாம் என்றாள் என்ற நினைப்போடு நீ ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டப் போவது எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. உனக்கு வரப் போகிறவள் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒன்றை வேண்டாம் என்பாள். நீ எடுத்த சேலையை, வைத்த குழம்பை, நீ ஆசையாகச் செய்த எதையாவது. அப்போது வாசலுக்கு எழுந்து போகாதே கண்ணு. அங்கேயே உட்கார்ந்து, எதை வேண்டாம் என்கிறாய் என்று கேள். அவளுக்குச் சொல்ல வாய் இருக்கிறது. உனக்குக் கேட்க நேரம் இருக்கட்டும். எனக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

நேற்று ஆயர் வந்திருந்தார். கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் யார் யார் எந்த வரிசையில் வருவது என்று பேசிக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளைக்கு அம்மா ஸ்தானத்தில் யார் நிற்பது என்று கேட்டார். உன் அத்தை நிற்கட்டுமே என்றும் சொன்னார். வேண்டாமுங்க, ரெண்டு பேர் இடத்துலயும் நானே நின்னுக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன். உன் சட்டைக் காலரை யார் சரிசெய்வது, கைக்குட்டை எடுத்தாயா என்று யார் கேட்பது, உள்ளே போவதற்கு முன்னால் உன் நெற்றியில் கை வைத்து யார் ஜெபம் பண்ணுவது? இதெல்லாம் எனக்குச் செய்து பழக்கமில்லை. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்றும் தெரியும். அதனால் பாட்டு தொடங்கி எல்லோரும் எழுந்து நின்ற பிறகு, நீ உடனே உள்ளே நடந்துவிடாதே. வாசலில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில். அவர்கள் பாடிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா